பழுதாய்ப் போன சத்தத்துக்கு யார் சொந்தக்காரர்?

றொக் பாட்டில் கிற்றார் உறுமுகிற அந்தக் கரகரத்த சத்தம் எங்கயிருந்து வந்தது எண்டு கேட்டால், கீத் ரிச்சர்ட்ஸ், ஜிமி ஹென்ட்ரிக்ஸ் எண்டு சில பெரிய பெயர்களைத்தான் சொல்லுவம். ஆனால் அவர்களுக்கு முன்னமே அந்தச் சத்தம் இருந்தது. அப்ப அதற்குப் பெயர் 'பழுது'.

கிற்றாரின் பிக்கப்பும் பாடகரின் மைக்கும் தருகிற மின்சமிக்ஞை மிகச் சிறியது. அதை முதலில் பெருப்பிக்கிற பகுதிதான் பிரீஅம்ப். அதன் தாங்குசக்திக்கு மேல் சமிக்ஞை போனால் அலையின் உச்சிகள் வெட்டுப்படும். வெட்டுப்பட்ட அலையில் புதிதாக மேற்சுரங்கள் சேரும். சத்தம் தடிக்கும், இரையும், கூடநேரம் நின்று ஒலிக்கும். ஒலிப்பதிவுப் பொறியியலாளர்களுக்கு இது தவிர்க்கவேண்டிய குறை. ஆனால் சனம் நிறைஞ்ச புளூஸ் விடுதிகளில் சின்ன அம்ப்ளிபயரை முழுக்கத் திருப்பி வைத்து வாசித்த கறுப்பினக் கலைஞர்களுக்கு அது பழகிப்போன சத்தம்.

1951 மார்ச்சில் ஐக் டேர்னரின் குழு மிசிசிப்பியிலிருந்து மெம்பிஸில் இருந்த சாம் பிலிப்ஸின் ஸ்டூடியோவுக்குப் போனது. வழியில் அம்ப்ளிபயர் சேதமாகிப் போச்சு. காரிலிருந்து விழுந்தது எண்டும் மழையில் நனைஞ்சது எண்டும் இரண்டு கதை சொல்லுவினம். பிலிப்ஸ் ஸ்பீக்கருக்குள் கடதாசியைத் திணித்து அப்படியே பதிவு செய்தார். 'றொக்கெட் 88' பாட்டில் விலி கிசார்ட்டின் கிற்றார் இரைவது அதனால்தான். பாட்டு ரிதம் அண்ட் புளூஸ் தரவரிசையில் முதலிடத்துக்கு வந்தது. ஆனால் இசைத்தட்டில் இருந்த பெயர், அதைப் பாடிய ஜாக்கி பிரென்ஸ்டனுடையது.

பிறகு வேண்டுமென்றே பழுதாக்கத் தொடங்கினார்கள். 1958இல் வெளிவந்த 'றம்பிள்' இசைக்காக லிங்க் ரே ஸ்பீக்கரில் பென்சிலால் ஓட்டை போட்டார். அதில் பாடல் வரியே இல்லை. இருந்தும் சில வானொலிகள் அதைப் போட மறுத்தன! 1964இல் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் ஸ்பீக்கரைப் பிளேட்டால் கீறினார்.

இதற்கிடையில் நாஷ்வில்லில் இன்னொரு தற்செயல் நடந்தது. மார்ட்டி ராபின்ஸின் 'டோன்ட் வொறி' பாட்டுப் பதிவில், மிக்ஸிங் மேசையின் ஒரு சேனல் பழுதாகி, கிறேடி மார்ட்டினின் பேஸ் கிற்றாரை அறுத்துப் போட்டது. அதை அழிக்காமல் 1961இல் அப்படியே வெளியிட்டார்கள். பொறியியலாளர் கிளென் ஸ்நொடி, றெவிஸ் ஹொப்ஸ் என்பவரோடு சேர்ந்து அந்தப் பழுதை ட்ரான்சிஸ்டர் சுற்றாக மாற்றினார். அதை கிப்சன் நிறுவனம் 1962இல் 'மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்' என்று விற்பனைக்கு விட்டது. காலால் மிதிக்கிற பெடல். கிற்றாரை ட்ரம்பெட் மாதிரி, செலோ மாதிரி ஒலிக்க வைக்கும் என்றுதான் விளம்பரம் செய்தார்கள். பெரிதாக விற்கவில்லை. 1965இல் றோலிங் ஸ்டோன்ஸின் 'சட்டிஸ்ஃபக்‌ஷன்' வந்த பிறகுதான் கடைகளில் முடிஞ்சு போச்சு. ரிச்சர்ட்ஸும் அந்தக் கிற்றார் வரியைப் பிறகு ஊதுகருவிகளால் மாற்றவேண்டும் என்றுதான் நினைத்திருந்தார்.

குரலும் தப்பவில்லை. 1966இல் பீட்டில்ஸ் ஜோன் லெனனின் குரலை, ஓர்கனுக்குப் பாவிக்கும் சுழல் ஸ்பீக்கர் வழியாக விட்டார்கள். 1969இல் கிங் கிறிம்சன், கிறெக் லேக்கின் குரலையே கிழித்துப் பதிவு செய்தது.

ஸ்நொடி, ஹொப்ஸ் இருவருக்கும் ஆக்கவுரிமை கிடைத்தது, அது நியாயம்தான். தற்செயலாக வந்ததை எவரும் மிதித்து எடுக்கக்கூடிய பெட்டியாக்கியது அவர்களின் உழைப்பு. ஆனால் ஆக்கவுரிமைப் பத்திரத்தை மட்டும் வைத்து வரலாறு எழுதினால், அந்தச் சத்தத்தை முதலில் வெட்கப்படாமல் வாசித்தவர்கள் காணாமல் போவார்கள். நாங்கள் இசை வரலாறு படிக்கும்போது சாதனத்தின் பெயரோடு அதை வாசித்த கைகளின் பெயரையும் தேடவேண்டும் என்று நினைக்கிறோம்.

'றொக்கெட் 88'ஐ ஹெட்போன் போட்டுக் கேட்டுப் பாருங்கோ. சாக்ஸபோன்களுக்குக் கீழே, அடிச்சுரத்தில் விடாமல் இரைந்துகொண்டு ஓடுவதுதான் விலி கிசார்ட்.