வெற்றிடம், ஒரு பேரிங், ஒரு வேப்பங்கிண்ணம்

ஆணி புடுங்கற வேலை கொஞ்சம் குறைவா இருக்கிறதால இந்தப் பதிவு. வழக்கமான மொக்கை இல்லை, கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் இரும்புக்கடை. நீளமா வந்திருச்சு, பொறுத்தருள்க :-)

ஊர்ல எங்க வீட்டு வாசல்ல ஒரு வேப்பமரம் இருந்தது. ரோட்டை அகலப்படுத்தறோம்னு போன வருஷம் வெட்டிட்டாங்க. மொத்த மரமும் விறகுக்குப் போனதுல, அடிப்பக்கத்துல ஒரே ஒரு துண்டை மட்டும் நான் பெங்களூருக்குத் தூக்கிட்டு வந்தேன். அதுல ஒரு கிண்ணம் கடைஞ்சு ஆச்சிகிட்ட கொடுக்கணும்னு ஆசை. மரம் இருக்கிற வரைக்கும் ஆச்சி கட்டில் அதுக்குக் கீழேதான் கிடந்தது. துண்டு ஒண்ணுதான். கெடுத்தா வேற கிடையாது.

வாடகை வீட்டு கார் ஷெட்டில் என்கிட்ட ஒரு சின்ன மரக் கடைசல் லேத் இருக்கு. தயிரைக் கடையறதுக்கும் மரத்தைக் கடையறதுக்கும் தமிழ்ல ஒரே சொல்தான். சும்மா வந்த ஒற்றுமைன்னு எனக்குத் தோணலை. பழைய கடைசல் எந்திரங்கள்ல மரத்தைச் சுத்தி ஒரு கயிறு போட்டு, ஒருத்தர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாத்தி மாத்தி இழுப்பார், இன்னொருத்தர் உளி பிடிப்பார். அப்படியே மத்துக்கயிறு! எகிப்தில் பெட்டோசிரிஸ் என்பவரின் கல்லறைச் சுவரில், கி.மு. 300 வாக்கில் செதுக்கின ஒரு காட்சியில் இதே மாதிரி இரண்டு பேர் வேலை பார்க்கிறாங்க.

அந்தக் காலத்துல இருந்து கடைசல்காரனுக்கு இருக்கிற தலைவலி ஒண்ணே ஒண்ணுதான்: சுத்தற மரத்தை எதால பிடிக்கிறது? கிண்ணத்தோட வெளிப்பக்கம் கடைஞ்சாச்சு, உள்பக்கம் குடைஞ்சாச்சு. இதுவரைக்கும் அடியில் இருக்கிற குமிழைத்தான் சக் பிடிச்சுக்கிட்டு இருந்தது. கடைசியா அந்தக் குமிழையே எடுக்கணும். பிடிக்கிற இடத்தையே வெட்டணும்னா எதைப் பிடிக்கிறது? பழைய ஆட்கள் குமிழை விட்டுட்டு அப்புறம் உளியால கொத்தி எடுத்தாங்க. இன்னைக்கு இருக்கிற நேர்த்தியான வழி வெற்றிட சக். ஒரு வட்டக் குவளையோட விளிம்புல கிண்ணத்தோட உள்பக்கத்தைப் பொருத்தி, நடுவுல இருக்கிற காத்தை உறிஞ்சிட்டா போதும். வெளியே இருக்கிற காத்தே கிண்ணத்தை அழுத்திப் பிடிச்சுக்கும்.

கடையில் விக்கிற செட்டோட விலையைப் பார்த்தேன். பொறியியல் படிச்சவனுக்கு உடனே வர்ற வியாதி எனக்கும் வந்தது: "இதை நாமளே பண்ணிரலாமே!"

*

இங்க கொஞ்சம் பின்னாடி போகணும். வெற்றிடம் இழுக்குதுன்னுதான் நாம பேச்சுவழக்குல சொல்றோம். அது இழுக்கறதே இல்லை. இதைப் புரிஞ்சுக்க மனுஷனுக்கு ரெண்டாயிரம் வருஷம் ஆச்சு.

வெறுமை என்று ஒன்று இருக்கவே முடியாதுன்னார் அரிஸ்டாட்டில். இயற்கை வெறுமையை வெறுக்கும், அதனாலதான் உறிஞ்சினா தண்ணி மேலே ஏறுதுன்னு அவர் வழி வந்தவங்க விளக்கம் கொடுத்தாங்க. கலிலியோ 1638-ல் வெளியிட்ட புத்தகத்துல ஒரு சங்கடமான விஷயத்தைச் சொன்னார். உறிஞ்சு பம்பு எவ்வளவு நல்லதா இருந்தாலும் சுமார் 10 மீட்டருக்கு மேல தண்ணியை ஏத்த மாட்டேங்குது. இயற்கையோட வெறுப்பு 10 மீட்டரோட தீர்ந்து போயிருமா என்ன?

நம்ம ஊர் விவசாயிக்கு இது நல்லாவே தெரியும். ஆழக் கிணத்துல மோட்டாரை மேலே வைக்க மாட்டாங்க. உள்ளே பாதி ஆழத்துல திட்டு கட்டி அங்க உக்கார வைப்பாங்க. புட்வால்வு வரைக்கும் இருபது, இருபத்தஞ்சு அடிக்கு மேல போனா மோட்டார் சும்மா சுத்தும், தண்ணி வராது. கணக்குப்படி எல்லை சுமார் 34 அடி. நடைமுறையில அவ்வளவு கிடைக்காது.

பதிலைச் சொன்னவர் டொரிசெல்லி. தண்ணியை விட சுமார் 13.6 மடங்கு கனமான பாதரசத்தைக் கண்ணாடிக் குழாயில் நிரப்பிக் கவிழ்த்தா, அது 76 செ.மீ. உயரத்துல நின்னுரும்னு 1643-44-ல் காட்டினார். காத்துங்கிற ஒரு கடலோட அடித்தரையில நாம வாழறோம், அந்தக் கடலோட எடைதான் பாதரசத்தைத் தாங்குதுங்கிறது அவர் விளக்கம். அப்படின்னா மலை மேல ஏறினா எடை குறையணுமே? பாஸ்கல் அதைச் சோதிக்கச் சொல்லித் தன் மச்சான் பெரியேவைக் கேட்டுக்கிட்டார். 1648 செப்டம்பர் 19 அன்னைக்கு அவர் பிரான்சில் புய்-த-தோம் என்கிற மலை மேல பாதரசக் குழாயோட ஏறினார். பாதரசம் இறங்கித்தான் இருந்தது.

ஆக, உறிஞ்சறதுன்னு எதுவும் இல்லை. ஒரு பக்கத்துக் காத்தை எடுத்துட்டா மறுபக்கத்துக் காத்து தள்ளுது. சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 1 கிலோ. அவ்வளவுதான்.

*

இப்ப என் பட்டறைக்கு வருவோம். தேவையான சாமான்கள்: பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரசர் ஒண்ணு (காயலான் கடை), வெற்றிட கேஜ், ஹோஸ், ஒரு சின்ன பால் வால்வு, 4 இஞ்ச் பிவிசி எண்ட்கேப், அதோட விளிம்புல ஒட்ட மிருதுவான ரப்பர் ஸ்பாஞ்சு. ஃபிரிட்ஜ் கம்ப்ரசர்ல வாயுவை உள்ளே இழுக்கிற குழாயில ஹோஸைச் சொருகினா அதுவே வெற்றிடப் பம்பு.

சிக்கல் ஒரே இடத்துலதான். பம்பும் ஹோஸும் சும்மா நிக்கும், லேத்தும் சக்கும் சுத்தும். ஹோஸை நேரா மாட்டினா ஒரே நிமிஷத்துல முறுக்கிட்டுப் பிய்ஞ்சிரும். சுத்தறதையும் நிக்கறதையும் காத்துப் புகாம இணைக்கணும். இந்த வேலையைச் செய்யற உருப்படிதான் அடாப்டர்.

லேத்தோட ஸ்பிண்டில் முழுக்கத் துளை உள்ளது. அதுக்குள்ள 10 மி.மீ. தடிமனில் உள்ளே துளையுள்ள ஒரு திருகுக் குழாயை விட்டேன் (தொங்கு விளக்குகள்ல ஒயர் போறதுக்கு வைப்பாங்களே, அந்த மாதிரி). பின்பக்கம் நீட்டிக்கிட்டு இருக்கிற முனையில 6200 நம்பர் பேரிங், இரண்டு பக்கமும் ரப்பர் மூடி உள்ளது. உள்துளை 10, வெளிவிட்டம் 30, அகலம் 9 மி.மீ. ஒரு மரக்கட்டையில் 30 மி.மீ.க்கு இறுக்கமா குழி கடைஞ்சு பேரிங்கை அமுக்கி உக்கார வச்சேன். கட்டையோட மறுபக்கம் ஹோஸ் நிப்பிள். உள்வளையம் குழாயோட சுத்தும், வெளிவளையமும் கட்டையும் சும்மா நிக்கும், ரப்பர் மூடி காத்தைத் தடுக்கும்.

அந்தக் கை அகலக் கட்டைக்குள்ள எத்தனை வருஷம் இருக்குன்னு யோசிச்சுப் பார்த்தேன். வண்டி அச்சுக்குக் குண்டு பேரிங் வைக்கற யோசனைக்கு வேல்ஸ்காரர் பிலிப் வாகன் காப்புரிமை வாங்கினது 1794-ல். கந்தகம் சேர்த்து ரப்பரைப் பதப்படுத்த சார்லஸ் குட்இயர் காப்புரிமை வாங்கினது 1844-ல். இரண்டும் சேர்ந்தாதான் என் அடாப்டர்.

எல்லாம் மாட்டி, கிண்ணத்தைப் பொருத்தி, கம்ப்ரசரைப் போட்டேன். கேஜ் முள் 8 இஞ்ச் வரைக்கும் போய் நின்னுருச்சு. குறைஞ்சது 15 வேணும். டெஃப்ளான் டேப் சுத்தினேன். எம்-சீல் பூசினேன். பேரிங்கை மாத்தினேன். அதே 8. மூணு ஞாயிற்றுக்கிழமை போச்சு. 8 இஞ்ச்ல கடைஞ்சுதான் பார்ப்போமேன்னு ஒரு அசட்டுத் துணிச்சல்ல உளியை வைக்க, கிண்ணம் எகிறி சுவத்துல மோதி விழுந்தது. விளிம்புல ஒரு சின்ன நசுங்கல். விரிசல் விடலை. கை நடுங்கிப் போச்சுங்க. ஒரே துண்டு!

*

அப்பதான் ஆட்டோ ஃபான் குரிக்கேயோட கதையைத் திரும்பப் படிச்சேன். பள்ளிக்கூடப் புத்தகத்துல குதிரைப் படத்தோட வந்தவர்.

ஜெர்மனியின் மாக்டபர்க் நகரத்துக்காரர். 1631 மே 20 அன்னைக்கு, முப்பதாண்டுப் போரில் அந்த ஊரைப் படைகள் சூறையாடிக் கொளுத்தினாங்க. சுமார் 20,000 பேர் செத்தாங்க. குரிக்கே உயிர் தப்பினார். நெதர்லாந்தில் லெய்டனில் பொறியியல் சார்ந்த படிப்பு படிச்ச அவர், சாம்பலாப் போன ஊரைத் திரும்பக் கட்டற வேலையில இறங்கினார். 1646-ல் மேயர்கள்ல ஒருத்தரானார். இவ்வளவுக்கும் நடுவுல, வெறுமை என்று ஒன்றை உண்டாக்க முடியுமான்னு சொந்தக் காசைப் போட்டு ஆராய்ச்சி பண்ணினார்.

1650 வாக்கில் அவர் முதல்ல எடுத்துக்கிட்டது மரப்பீப்பாய். அதுல தண்ணியை நிரப்பி, இடுக்கெல்லாம் அடைச்சு, பித்தளைப் பம்பு வச்சுத் தண்ணியை வெளியே இழுத்தா உள்ளே வெறுமை மிஞ்சணும் இல்லையா? மூணு பலசாலிகள் சேர்ந்து இழுத்தாங்க. தண்ணி வந்தது. ஆனா பீப்பாய்க்குள்ள தண்ணி கொதிக்கிற மாதிரி ஒரு சத்தம். மரத்தோட நுண்துளை வழியா காத்து உள்ளே பாஞ்சுக்கிட்டு இருந்தது!

மனுஷர் விடலை. சின்னப் பீப்பாயைத் தண்ணி நிரப்பின பெரிய பீப்பாய்க்குள்ள முக்கி வச்சு இழுத்தார். இந்தத் தடவை குருவி கீச்சிடற மாதிரி சத்தம், மூணு நாளைக்கு. திறந்து பார்த்தா உள்ளே காத்தும் தண்ணியும் கசிஞ்சிருந்தது. மரம் வேலைக்காகாதுன்னு செப்புக் கோளத்துக்கு மாறினார். காத்து கிட்டத்தட்ட தீரப்போற நேரத்துல அது பெரிய சத்தத்தோட கசங்கி நசுங்கிப் போச்சு. சரியான உருண்டையா இல்லாததுதான் காரணம்னு முடிவு பண்ணி, அடுத்ததைக் கவனமா செய்யச் சொன்னார். அது நின்னது.

1654-ல் ரீகன்ஸ்பர்க்கில் பேரரசர் மூன்றாம் ஃபெர்டினாண்டு முன்னால பம்பைக் காட்டினார். குதிரைக் கதையை பல புத்தகங்கள் அங்கேயே சேர்த்துச் சொல்லிரும். ஆனா எட்டுக்கு எட்டு பதினாறு குதிரை பூட்டின சோதனை 1657-ல் மாக்டபர்க்கில் நடந்ததுன்னுதான் பொதுவா ஏத்துக்கறாங்க. அரை மீட்டர் அளவு விட்டமுள்ள இரண்டு அரைக்கோளம். கணக்குப் போட்டா கிட்டத்தட்ட 2 டன் அழுத்தம். நடுவுல காத்துப் புகாம இருக்க அவர் வச்சது, மெழுகும் டர்பன்டைனும் ஊறின ஒரு தோல் வளையம். என் ரப்பர் ஸ்பாஞ்சோட பாட்டன்!

இந்தக் கசிவு விவகாரம் அதோட முடியலை. குரிக்கேயோட பம்பைப் பத்திப் படிச்ச ராபர்ட் பாயில், ராபர்ட் ஹூக்கின் உதவியோட 1659-ல் இன்னும் நல்ல பம்பு பண்ணினார். தத்துவவாதி தாமஸ் ஹாப்ஸ் 1661-ல் எதிர்ப்பு எழுதினார். உன் பம்பு கசியுது, அப்புறம் உள்ளே வெறுமைன்னு எப்படிச் சொல்லுவேங்கிறதுதான் அவர் வாதத்தோட முக்கியமான கொக்கி. பாயிலும் கசிவை மறைக்கலை, எவ்வளவு கசியுதுன்னு எழுதியே வச்சார். நம்ம பொட்டி தட்டற உலகத்துல பக் ரிப்போர்ட்டைப் பார்த்ததும் "என் மெஷின்ல ஓடுதே"ன்னு சொல்றோமே, அப்படிச் சொல்லாத மனுஷன்.

*

பீப்பாய் கதையைப் படிச்சதும் எழுந்து போய், கிண்ணத்துக்குப் பதிலா சக் விளிம்புல ஒரு கண்ணாடித் துண்டை வச்சேன். முள் சர்ருனு 24-க்குப் போச்சு. பேரிங்ல குத்தமில்லை, ஹோஸ்ல குத்தமில்லை. கசிஞ்சது வேப்பமரம்!

மரம் உயிரோட இருந்தப்ப வேர்ல இருந்து இலைக்குத் தண்ணி ஏத்தின நுண்குழாய்கள், இப்ப காத்தைக் கடத்திக்கிட்டு இருந்திருக்கு. இதுல ஒரு வேடிக்கை. 10 மீட்டருக்கு மேல வளர்ந்த மரம் கலிலியோவோட எல்லையைத் தாண்டி எப்படித் தண்ணி ஏத்துது? இலையில் ஆவியாகிற தண்ணி, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கிற தண்ணிச் சரத்தையே மேலே இழுக்குதுன்னு டிக்சனும் ஜோலியும் 1894-ல் விளக்கினாங்க. உண்மையிலேயே இழுக்கறது இங்கதான்.

கசிவை அடைக்க வழி? பெங்களூர்-மைசூர் ரோட்டுல சென்னபட்டணம் பொம்மைக்காரங்க சுத்தற மரத்து மேல அரக்குக் குச்சியை அழுத்துவாங்க. உராய்வுச் சூட்டில் அரக்கு உருகி மரத்தை மூடிக்கும். எங்க பக்கம் அம்பாசமுத்திரம் மரச் சொப்புல பளபளப்பைப் பார்த்திருப்பீங்களே, அந்த வித்தைதான். நான் சோம்பேறி. அரக்கை ஸ்பிரிட்ல கரைச்சுக் கிண்ணத்தோட உள்பக்கம் மூணு பூச்சு கொடுத்துக் காய விட்டேன்.

முள் 22.

கண்ணாடிக்கே ஏன் 24-ஐத் தாண்டலை? வெளிநாட்டுக்காரங்க 28, 29 காட்டறாங்களேன்னு ஒரு குறை இருந்தது. பம்பு பழசுங்கிறது ஒரு காரணம். இன்னொரு காரணம் பாஸ்கலோட மச்சான் ஏறின மலை. பெங்களூர் கடல்மட்டத்துல இருந்து சுமார் 900 மீட்டர் உயரம். இங்க காத்தோட மொத்த எடையே 27 இஞ்ச் பாதரசத்துக்குப் பக்கத்துலதான். எந்தப் பம்பைப் போட்டாலும் அதைத் தாண்டாது.

பால் வால்வைக் கொஞ்சம் திறந்து, வேணும்னே காத்தை உள்ளே விட்டு 15-ல் நிறுத்தினேன். குரிக்கேயோட செப்புக் கோளம் நசுங்கின மாதிரி மெல்லிசான கிண்ணமும் நசுங்கிரும். 10 செ.மீ. வட்டத்துக்கு 15 இஞ்ச்னா சுமார் 40 கிலோ அழுத்தம். போதும். ஒரு தடவை பட்டதால, கடைசி நிமிஷம் வரைக்கும் டெயில்ஸ்டாக் முட்டுக்கொடுத்தே கடைஞ்சேன். குமிழ் போய், நடுவுல பட்டாணி அளவு மிஞ்சினதும்தான் டெயில்ஸ்டாக்கை விலக்கினேன். மெல்லமா ஒரு இழுப்பு. அடி வழுவழுன்னு வந்திருச்சு.

ஊருக்குப் போய் ஆச்சி கையில கொடுத்தேன். கவுத்துப் பார்த்து, அடியைத் தடவி, "எதைப் பிடிச்சுல கடைஞ்ச இதை?"ன்னு கேட்டாங்க. ஒண்ணுமில்லாததைன்னு சொல்ல வாயெடுத்துட்டு, காத்துதான் பிடிச்சுக்கிட்டு இருந்துச்சு ஆச்சின்னேன். நம்பலை. விளிம்பு நசுங்கலை விரலால தொட்டு, "இங்கன விட்டுட்டியோ"ன்னாங்க.

இப்ப அதுலதான் வெத்தலை இருக்கு.

டிஸ்கி: யாராவது பண்ணிப் பார்க்கறதா இருந்தா, முதல்ல கண்ணாடியை வச்சு கேஜைப் பாருங்க. எனக்குப் போன மூணு ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு மிச்சம். முகத்துக்குக் கவசம் இல்லாம சுவிட்சைத் தொடாதீங்க.