கைப்பேசியில் காலப் பிழையும் அதிர்வெண் பிழையும்: ஒரு சரித்திர ஆராய்ச்சி

கும்பகோணத்திலிருந்து நாச்சியார்கோயில் வழியாகக் குடவாசல் செல்லும் பேருந்தில் அமர்ந்து ஒருவர் கைப்பேசியில் உரையாடுகையில், அவருடைய கருவிக்கும் டவருக்கும் இடையே இருவகைப் பிழைகள் ஓயாமல் தோன்றுகின்றன: அலையின் அதிர்வெண் பிசகுவது ஒன்று, செய்தி வந்து சேரும் கணம் பிசகுவது மற்றொன்று. கருவியிலுள்ள குவார்ட்ஸ் படிகம் பத்து லட்சத்தில் பத்துப் பங்கு தவறினால், 900 மெகாஹெர்ட்ஸ் அலையில் 9,000 ஹெர்ட்ஸ் வேற்றுமை விளையும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் பேருந்தினால் விளைவதோ ஏறத்தாழ 42 ஹெர்ட்ஸ்தான். ஆயினும் இவ்விஷயத்தை எழுதுவோர் வேகத்தையே விஸ்தாரமாகப் பேசி, காலப் பிழைக்குக் காரணமான தூரத்தை ஓரிரு வரியில் கடந்துவிடுகின்றனர். நம் கிராமங்களைப் பொறுத்தவரை தூரமே முதலில் நிற்க வேண்டியது என்பது என் அபிப்பிராயம்.

இத்தகைய பிழைகளை எவ்வளவு நுட்பமாக மதிப்பிட முடியும் என்னும் எல்லை, கைப்பேசி பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே கல்கத்தாவில் வகுக்கப்பட்டுவிட்டது. இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைச் சேர்ந்த சி. ஆர். ராவ் 1945-ல் வெளியிட்ட கட்டுரையும், ஸ்வீடன் தேசத்துக் கிரமர் 1946-ல் தனியே எழுதிய நூலும், ஒருபக்கச் சாய்வற்ற எந்த மதிப்பீடும் ஒரு வரம்புக்குக் கீழே பிழையைக் குறைக்க இயலாது என்று நிலைநாட்டின. ஒற்றைச் சுரத்தின் அதிர்வெண்ணுக்கு அவ்வரம்பை 1974-ல் ரைஃபும் பூர்ஸ்டினும் கணித்தனர். கேட்கும் காலத்தை இரட்டித்தால் பிழையின் வர்க்க சராசரி எட்டில் ஒரு பங்காகும் என்பது அதன் சாரம். இரண்டாம் தலைமுறைக் கைப்பேசியான ஜிஎஸ்எம் முறையில் டவர் அவ்வப்போது சுத்தமான ஒரு சுரத்தை அனுப்பிக் கருவியைத் திருத்துகிறது. ஆனால் அவ்வளவு நேரம் பேச்சுக்குப் பயன்படுவதில்லை. 1994-ல் மூஸ், ஒரே செய்தியை இருமுறை அனுப்பி, இரண்டிற்கும் உள்ள கட்ட வேற்றுமையிலிருந்து அதிர்வெண் பிழையை அறிந்தார். 1997-ல் வான் டி பேக் முதலியோர், எதிரொலிக்குக் காப்பாகச் சில முறைகளில் ஏற்கனவே திரும்ப அனுப்பப்படும் பகுதியையே கொண்டு, புதிதாக எதுவும் அனுப்பாமலே இரு பிழைகளையும் கணித்தனர். இச்சரித்திரத்தில் மிக அழகிய படி இதுவே.

இனித் தூரம். ஜிஎஸ்எம்மில் எட்டுப் பேர், வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவோரைப் போல, ஒரே அலையை 577 மைக்ரோசெகண்டுப் பங்குகளாகப் பகிர்கின்றனர். தொலைவிலிருப்பவரது செய்தி தாமதித்து அடுத்தவர் முறையில் புகாதபடி, டவர் அத்தாமதத்தை அளந்து, முன்கூட்டியே அனுப்புமாறு பணிக்கிறது. இக்கட்டளைக்கு 63 படிகள். படிக்குச் சுமார் 550 மீட்டர். ஆக 35 கிலோமீட்டர். ஐரோப்பிய டெக்ட் முறையோ வீட்டிற்குள்ளும் அலுவலகத்திற்குள்ளும் பேசவே வகுக்கப்பட்டது. பங்குகளிடையே சுமார் 52 மைக்ரோசெகண்டு இடைவெளிதான் உண்டு. 10 கிலோமீட்டர் சென்று மீள அலைக்கு 67 மைக்ரோசெகண்டு வேண்டும். சென்னை ஐஐடியில் அசோக் ஜுன்ஜுன்வாலா, பாஸ்கர் ராமமூர்த்தி முதலியோர், மைடாஸ் நிறுவனத்தாரோடு 1990-களில் உருவாக்கிய கார்டெக்ட், காலத் திருத்தத்தைச் சேர்த்து அந்த 10 கிலோமீட்டரை எட்டியது. இடைநிலையம் ஒன்றை நாட்டினால் 25 கிலோமீட்டர். ஐந்தாம் தலைமுறைக் கைப்பேசிக்குரிய பரீட்சை நிபந்தனைகளைச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2017-ல் வகுத்தபோது, கிராமப்புறத்தில் டவருக்கும் டவருக்கும் இடையே 1,732 மீட்டர் என்ற கணக்கோடு, இந்தியத் தரப்பு வற்புறுத்திய 6,000 மீட்டர்க் கணக்கும் இடம்பெற்றது. வயல்வெளியின் நடுவே ஊர்கள் சிதறிக் கிடக்கும் குடவாசல் வட்டாரத்துக்குப் பின்னதே அதிகம் பொருந்தும்.