ஏன் இவ்வளவு தாமதம்? கிறிஸ்தவ இறையியலில் மறைபொருளும் வெளிப்பாட்டின் காலமும்

கடவுள் எல்லா மனிதருக்கும் பொதுவானவர். மீட்பரோ திபேரியு பேரரசர் காலத்தில், பாலஸ்தீனத்தின் ஒரு மூலையில் வெளிப்பட்டார். அப்படியானால் அதற்கு முன் பிறந்து மடிந்தவர்கள் செய்த குற்றம் என்ன? திருச்சபையின் எதிரிகளும் கேட்டார்கள், பிள்ளைகளும் கேட்டார்கள். சொல்லப்பட்ட விடைகளைக் கால வரிசையில் வைத்துப் பார்த்தால் ஒரு திருப்பம் புலப்படுகிறது. ‘ஏன் அப்போது?’ என்று தொடங்கிய கேள்வி, ‘அதற்கு முன்னிருந்தவர்கள் என்ன ஆனார்கள்?’ என்று உருமாறிவிட்டது. இந்தக் கட்டுரை அந்த மாற்றத்தின் தடத்தைப் பின்தொடர்கிறது.

மறைபொருள் என்ற கருத்தின் வேர் யூத மரபில் இருக்கிறது. தானியேல் நூலில் அரசன் கண்ட கனவின் பொருள் கடவுளுக்கு மட்டுமே தெரிந்த மறைபொருள். நூலின் முடிவிலோ, இறுதிக்காலம் வரை ஏட்டை முத்திரையிட்டு வைக்கும்படி கட்டளை வருகிறது. 1947இல் கும்ரான் குகையில் கிடைத்த அபக்கூக்கு உரை இன்னும் ஒரு படி மேலே போகிறது. கடைசித் தலைமுறைக்கு நேரப்போவதை எழுதும்படி கடவுள் இறைவாக்கினரிடம் சொன்னார், ஆனால் காலம் நிறைவுறுவது எப்போது என்பதை அவருக்கு அறிவிக்கவில்லை என்கிறது அந்த உரை. எழுதியவருக்கே தெரியாத பொருள், பின்னால் வந்த கும்ரான் சமூகத்தின் ஆசானான ‘நீதியின் ஆசிரியருக்கு’ விளங்கியதாம். பவுலின் மடல்கள் இந்தச் சூழலில் பிறந்தவை. யுகயுகமாக மறைந்திருந்த திட்டம் இப்போது வெளியாகிவிட்டது என்ற எண்ணம் உரோமையர், எபேசியர், கொலோசையர் மடல்களில் திரும்பத் திரும்ப வருகிறது. காலம் நிறைவடைந்தபோது மகன் அனுப்பப்பட்டார் என்கிறது கலாத்தியர் மடல். எது அந்த நிறைவு, யார் அளந்தார்கள் என்று பவுல் விளக்கவில்லை. கடவுள் குறித்த காலம் என்பதே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

இரண்டாம் நூற்றாண்டில் அது போதவில்லை. படைத்த கடவுள் வேறு, இயேசு அறிவித்த கடவுள் வேறு என்று போதித்த மார்க்கியோன், அதுவரை யாருமே அறியாத கடவுள் திபேரியுவின் பதினைந்தாம் ஆண்டில் திடீரென்று வெளிப்பட்டதாகச் சொன்னார். பின்னாளில் அவரை மறுத்த தெர்த்துல்லியன், அவ்வளவு நல்ல கடவுள் அத்தனை தலைமுறைகள் அழியும்வரை எங்கே இருந்தார் என்று மடக்கினார். இதே ஆயுதத்தை அவருக்கு முன்பே, ஏறத்தாழ 178இல், கெல்சு என்ற கிரேக்க அறிஞர் திருச்சபை முழுவதற்கும் எதிராகத் திருப்பியிருந்தார்: மனிதரை நேர்வழிப்படுத்த வேண்டும் என்று இத்தனை காலத்துக்குப் பிறகுதான் கடவுளுக்கு நினைவு வந்ததா? கெல்சுவின் நூல் தொலைந்துவிட்டது. ஓரிஜன் 248 வாக்கில் எழுதிய மறுப்பு நூலின் வழியாகவே அவர் குரல் நமக்குக் கேட்கிறது.

முதல் பெரிய விடை இரண்டாம் நூற்றாண்டின் தற்காப்பாசிரியர் யுஸ்தீனுடையது. கிறிஸ்து பிறந்து 150 ஆண்டுகள்தானே ஆகின்றன, அதற்கு முன்பிருந்தவர்களுக்குப் பொறுப்பே இல்லையா என்ற வாதத்தைத் தம் முதல் தற்காப்புரையில் அவரே எடுத்துவைக்கிறார். கிறிஸ்து என்றும் உள்ள இறைவாக்கு. எல்லா மனிதரும் அவரில் பங்குடையவர்கள். ஆகவே வாக்கோடு வாழ்ந்த சாக்ரடீசும் ஹெராக்ளீட்டசும் கிறிஸ்தவர்களே என்பது அவர் முடிவு. இவ்வளவு துணிந்த வாக்கியம் பின்னால் வந்த பல நூற்றாண்டுகளில் அரிது.

மற்றவர்கள் கடவுளின் ஆசிரியப் பணியைச் சுட்டினார்கள். மனித இனம் குழந்தைப் பருவத்தில் இருந்தது, முழு உணவைத் தாங்கும் வலிமை அதற்கு இல்லை என்றார் இரேனியு. நோய் முழுவதும் வெளியே தெரியும்வரை மருத்துவர் காத்திருந்தார் என்றார் நிசாவின் கிரகோரி. தியோக்நேத்துவுக்கு எழுதப்பட்ட மடலின் ஆசிரியர், நம்மால் முடியாது என்பது நமக்கே விளங்கும்வரை கடவுள் தம் திட்டத்தை மகனோடு மட்டும் பகிர்ந்துகொண்டு மௌனம் காத்தார் என்கிறார். (இந்த மடலின் ஒரே கையெழுத்துப் படி 1870இல் ஸ்திராஸ்பூர்க் முற்றுகையில் எரிந்துபோனது, அதற்கு முன்பே அச்சேறியிருந்ததால் நமக்குக் கிடைத்தது.) இவ்விடைகள் மனித இனம் முழுவதையும் ஒரே ஆளாகப் பார்க்கின்றன. குழந்தைப் பருவத்திலேயே இறந்துபோன தலைமுறைகளின் கதி அந்தப் பார்வையில் விழுவதில்லை.

அந்தக் குறையை அகுஸ்தீன் நேருக்கு நேர் சந்தித்தார். ஏறத்தாழ 409இல் தெயோகிராசியாஸ் என்ற குருவுக்கு எழுதிய 102ஆம் மடலில், கிறிஸ்தவத்தை எதிர்த்த மெய்யியலாளர் போர்ஃபிரி கேட்டதாக வழங்கிய கேள்விகளுக்கு அவர் மறுமொழி தருகிறார். கிறிஸ்துவே வழி என்றால், அவருக்கு முன் பல நூற்றாண்டுகள் வாழ்ந்த எண்ணற்ற மனிதர் என்ன செய்திருக்க முடியும் என்பது அவற்றில் ஒன்று. அகுஸ்தீனின் விடை: தம்மை நம்பக்கூடியவர்கள் எங்கே, எப்போது இருப்பார்கள் என்று அறிந்தாரோ, அங்கே, அப்போது தோன்றக் கிறிஸ்து திருவுளம் கொண்டார், தகுதியுடைய எவருக்கும் மீட்பு ஒருபோதும் மறுக்கப்பட்டதில்லை.

இந்த வரி அவரையே துரத்தியது. மனிதர் நம்புவார்கள் என்பதை முன்னறிந்துதான் கடவுள் அருள் தருகிறார் என்று வாதிட்ட மார்செய் துறவிகள், சான்றாக இதையே எடுத்துக் காட்டினார்கள். ஏறத்தாழ 429இல், முதுமையில் எழுதிய ‘புனிதர்களின் முன்குறிப்பு’ நூலில் அகுஸ்தீன் பழைய வாக்கியத்துக்கு எல்லை வகுத்தார். போர்ஃபிரிக்கு அன்று முன்னறிவை மட்டும் சொன்னது போதுமாயிருந்தது. கடவுளின் மறைவான தீர்மானத்தை அது மறுக்கவில்லை. நம்பப்போகிறவர்கள் என்பவர்கள் உலகம் உண்டாகும் முன்பே தேர்ந்துகொள்ளப்பட்டவர்கள்! இருபது ஆண்டுகளில் விடை மறுபடி மறைபொருளுக்கே திரும்பிவிட்டது. மேலைத் திருச்சபையின் சிந்தனையில் முதிய அகுஸ்தீனின் நிழலே நீளமாக விழுந்தது. இளைய அகுஸ்தீனின் விடையே நீதிக்கு அருகில் நின்றது என்பது என் துணிபு.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் தம் ‘இறையியல் தொகுப்பின்’ மூன்றாம் பகுதியில் அந்தக் காலம் பொருத்தமானதா என்று ஆராய்ந்தார். பாவம் நுழைந்த உடனே கிறிஸ்து வந்திருந்தால் செருக்குற்ற மனிதன் தன் தேவையை உணர்ந்திருக்க மாட்டான். உலக முடிவில் வந்திருந்தால் நம்பிக்கையே அற்றுப்போயிருக்கும். கட்டுக்கோப்பான விடைதான், ஆனாலும் முன்னோர்களுக்காக அழுகிறவர்களிடம் இதைச் சொல்ல முடியாது.

அப்படி அழுதவர்களைச் சந்தித்தவர் பிரான்சிஸ் சவேரியார். 1542 முதல் முத்துக்குளித்துறைப் பரதவரிடையே உழைத்த அவர், 1549இல் ஜப்பானில் இறங்கினார். 1552 ஜனவரி 29 அன்று கொச்சியிலிருந்து ஐரோப்பியத் தோழர்களுக்கு எழுதிய மடலில் யாமகுச்சி மக்களின் கேள்வியைப் பதிவு செய்கிறார்: நீங்கள் வரும்வரை கடவுள் எங்களுக்குத் தம்மைக் காட்டவில்லையே, அவர் எப்படி இரக்கமுள்ளவர்? சவேரியாரின் மறுமொழி கூர்மையானது. சீனாவிலிருந்து உங்கள் நாட்டுக்கு நெறிநூல்கள் வருமுன்பே கொலையும் களவும் தீது என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது. யாரும் கற்றுத்தராமலே மலையில் தனித்து வளர்ந்த ஒருவனைக் கேட்டாலும் அவனும் அதையே சொல்வான். அந்த நெறியை உள்ளத்தில் எழுதியவர் படைத்தவரே. யுஸ்தீனின் வாதமே ஜப்பானிய மண்ணில் மறுபடி முளைத்தது எனலாம். ஆனால் இறந்த பெற்றோரை மன்றாட்டாலும் தருமத்தாலும் மீட்க முடியுமா என்று கேட்டபோது, வழியில்லை என்றார். அவர்கள் அழுதார்கள், நண்பர்களின் கண்ணீரைக் கண்டு தமக்கும் வருத்தம் உண்டாயிற்று என்று அவரே எழுதுகிறார். உள்ளத்தில் நெறி இருந்தது என்றால் அதன்படி வாழ்ந்த முன்னோர்க்கு ஏன் வழியில்லை? மடல் அதைத் தொடவில்லை.

அதைத் தொட்டது இரண்டாம் வத்திக்கான் சங்கம். 1964 நவம்பர் 21 அன்று வெளியான திருச்சபை பற்றிய கோட்பாட்டு விளக்கத்தின் 16ஆம் பத்தி, தம் குற்றமின்றி நற்செய்தியை அறியாதிருந்தும் நேர்மையான உள்ளத்தோடு கடவுளைத் தேடி, மனச்சான்றின் வழி நடக்க அருளின் துணையால் முயல்பவர்கள் மீட்படைய முடியும் என்கிறது. யாமகுச்சியில் கேட்கப்பட்டதற்கு இது விடை. கெல்சு கேட்டதற்கு அல்ல. வெளிப்பாடு ஏன் அந்த ஆண்டில், அந்த ஊரில் நிகழ்ந்தது என்பதற்குத் திருச்சபையிடம் இன்றும் பவுல் சொன்னதைவிடக் கூடுதலாக எதுவும் இல்லை.