ரங்கத் தீவின் ரீங்காரம்: மைசூர் மன்னரும் ஓர் இசைத்தட்டின் இரைச்சலும்

காவிரி தன் பயணத்தில் அணைத்துச் செல்லும் தீவுகளுள் மூன்றை ஆதிரங்கம், மத்தியரங்கம், அந்தியரங்கம் என்று வைணவ மரபு போற்றுகிறது. அவை முறையே ஸ்ரீரங்கப்பட்டணம், சிவசமுத்திரம், ஸ்ரீரங்கம். 1610இல் ராஜ உடையார் கைப்பற்றியது முதல் 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தது வரை மைசூர் அரசின் தலைநகராக விளங்கியது முதல் தீவு. அதன்பின் ஆட்சி சில கல் தொலைவிலுள்ள மைசூருக்குப் பெயர்ந்தது. அந்நகரத்து வீடுகளுக்கு மின்சாரம் வந்ததோ இரண்டாம் தீவிலிருந்து. மின்சாரத்தோடு மெல்லியதோர் ஒலியும் உடன் வந்தது. ஆம்ப்ளிஃபயர்களிலும் ஒலிபெருக்கிகளிலும் இசைக்கு அடியில் ஓயாமல் கேட்கும் ரீங்காரம் அது.

பாலக்காட்டுத் தமிழரான திவான் கே. சேஷாத்ரி ஐயரின் காலத்தில் திட்டமிடப்பட்ட சிவசமுத்திரம் நீர்மின் நிலையம் 1902இல் இயங்கத் தொடங்கியது. அவர் அதைக் காணாமலே முந்தைய ஆண்டில் மறைந்தார். முதல் பயனாளி நகரமன்று. ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவிலிருந்த கோலார் தங்கவயல். சுரங்கத்தின் பெரிய மோட்டார்களுக்கு ஏற்றதாக அன்று கருதப்பட்ட, நொடிக்கு 25 சுழற்சி கொண்ட மாறுமின்சாரமே அங்கு உற்பத்தியாயிற்று. 1905இல் பெங்களூருக்கும் 1908இல் மைசூருக்கும் மின்விளக்கு வந்தது.

சுரங்கத்துக்கு உகந்த அந்த மின்சாரம் இசைக்கு உகந்ததன்று. வால்வு ஆம்ப்ளிஃபயருக்கு நேர்மின்சாரம் வேண்டும். மாறுமின்சாரத்தை முழு அலையாகத் திருத்தும்போது எஞ்சும் அலைவு மூல அதிர்வெண்ணின் இருமடங்காக அமையும்: 50 சுழற்சிக்கு 100, 25 சுழற்சிக்கு 50. அலைவு மெதுவாகும்போது, அதே அளவுக்கு அதை அடக்க மின்தேக்கியின் கொள்ளளவை இருமடங்காக்க வேண்டும். டிரான்ஸ்ஃபார்மரிலும் கூடுதல் இரும்பு வேண்டும். சிறு வானொலிப் பெட்டியின் ஒலிபெருக்கி அவ்வளவு தாழ்ந்த ஒலியை வெளிக்காட்டாமல் மறைத்துவிடும். பெரிய ஒலிபெருக்கியோ கீழ்ச்சுரங்களை எவ்வளவு நேர்மையாகத் தருமோ அவ்வளவு நேர்மையாக ரீங்காரத்தையும் தரும். நல்ல கருவியே குறையைக் காட்டிக்கொடுக்கும் என்பது ஒலித்துறையின் பழைய முரண்.

ரீங்காரத்தைக் கவனமான வடிவமைப்பால் குறைக்கலாம். அதனோடு சேர்ந்து கேட்கும் 'உஸ்' என்ற இரைச்சல் அப்படிப்பட்டதன்று. கடத்தியில் எலெக்ட்ரான்கள் வெப்பத்தால் அலைவதே அதற்கு ஒரு காரணம் என்பதை 1928இல் பெல் ஆய்வகத்தின் ஜான்சன் அளந்து காட்டினார். நைக்விஸ்ட் அதற்குக் கோட்பாடு வகுத்தார். வெப்பம் உள்ளவரை அந்த இரைச்சலும் உண்டு.

இத்தகைய காலத்தில்தான் மைசூர் அரண்மனையில் தேர்ந்த செவி ஒன்று இருந்தது. 1940இல் அரியணை ஏறிய ஜெயசாமராஜ உடையார் பியானோ இசைக் கலைஞராக விரும்பியவர். கர்நாடக இசையில் தொண்ணூற்றுக்கும் மேற்பட்ட கீர்த்தனைகள் இயற்றியவர். அவருடைய தொகுப்பில் ஏறத்தாழ 20,000 இசைத்தட்டுகள் இருந்ததாக மதிப்பிடப்பட்டது. பிலார்மோனியா இசைக்குழுவை நிறுவிய வால்டர் லெக் மைசூருக்கு வந்தபோது, அங்கிருந்த தட்டுகளையும் பலவகை ஒலிபெருக்கிகளையும் கண்டு வியந்ததைப் பின்னர் எழுதியுள்ளார். லண்டனில் வறுமையில் வாழ்ந்த ருஷ்ய இசையமைப்பாளர் நிக்கோலாய் மெட்னரின் படைப்புகள் ஒலிப்பதிவானதும் உடையாரின் கொடையால்தான்.

1950 மே 22 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் 'நான்கு கடைசிப் பாடல்கள்' முதன்முறையாக அரங்கேறின. பாடியவர் கிர்ஸ்டன் ஃபிளாக்ஸ்டாட். இசைக்குழுவை நடத்தியவர் ஃபுர்ட்வாங்லர். ஸ்ட்ராஸ் அதற்கு முந்தைய ஆண்டே மறைந்திருந்தார். நிகழ்ச்சிக்கு 4,800 டாலர் உத்தரவாதம் அளித்த உடையாராலும் நேரில் வர இயலவில்லை. அவருக்காகவே அது அசிட்டேட் தட்டுகளில் பதிவாகி மைசூருக்கு அனுப்பப்பட்டது.

அசிட்டேட் தட்டு என்பது மெல்லிய அரக்குப்பூச்சு ஏறிய உலோகத் தகடு. ஊசி செல்லும் ஒவ்வொரு முறையும் அது தேயும். கேட்பதே அதை அழிப்பதாகும். முதல் நெடுந்தட்டாக மாற்றப்படுவதற்குள் அந்தப் பதிவு மிகவும் தேய்ந்திருந்தது. 2007இலும் 2014இலும் டிஜிட்டல் முறையில் அது செப்பனிடப்பட்டது.

செப்பனிடுவதும் எளிய அறமன்று. 50 சுழற்சி ரீங்காரத்தை வெட்டினால், ஏறத்தாழ 49 சுழற்சியில் ஒலிக்கும் டபுள் பாஸின் கீழ்ச்சுரமும் குறையக்கூடும். மேலிருக்கும் இரைச்சலை வழித்தெடுத்தால் வயலினின் மேற்சுரங்களும் பாடகியின் மெய்யெழுத்துகளும் மங்கும். மேலும், பதிவில் மின்கம்பியின் ரீங்காரம் எஞ்சியிருந்தால், தட்டு சரியான வேகத்தில் சுழன்றதா என்பதற்கு அதுவே சாட்சியாகும். பாடகியின் சுருதியை மீட்க வல்லுநர்கள் நாடும் அளவுகோல்களுள் அந்த 'குறை'யும் ஒன்று.

அரசுகள் தம் வெற்றியைக் கல்லில் வெட்டிவைத்தன. எந்தக் கல்லிலும் ஏறாத ஒரு மாலைப்பொழுதை மைசூருக்கு வந்த தட்டுகளே காத்தன. அவற்றைக் கேட்பவர் இரைச்சலை முழுவதும் பகையாகக் கொள்ள வேண்டியதில்லை; அந்த இசை எத்தனை முறை விரும்பிக் கேட்கப்பட்டது என்ற கணக்கும் அந்த இரைச்சலில்தான் இருக்கிறது.