தேய்மானம்: ஒரு முழங்காலின் வரலாறு



மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று சங்கத்திலிருந்து போன் வந்தது. "நீதான் ஹிஸ்டரி ஆளாச்சே, ஏதாவது ராஜா கதை எழுதேண்டா" என்றான் நண்பன். ராஜா கதை எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் நம் பேட்ச்சிலேயே நாலு பேர் இருக்கிறார்கள். ஒன்றரை வருஷமாக நான் புரட்டிக்கொண்டிருப்பதெல்லாம் முழங்கால் சரித்திரம்தான். காரணம், என் வலது முட்டி. அதை மாற்றிக்கொள்வதா, வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. நம் பேராசிரியர் வகுப்பில் சொல்லிக் கொடுத்த பழக்கம், எதையும் முதலிலிருந்து படிக்காமல் முடிவு சொல்ல எனக்கு வராது.

பி.ஏ. வரலாறு முடித்துவிட்டு ஆவடியில் ஒரு தொழிற்சாலை ஸ்டோர்ஸில் சேர்ந்தவன் நான். முப்பத்து மூன்று வருஷம் பேரிங், புஷ், கிரீஸ் டின் கணக்கு. பாரிவாக்கத்தில் வீடு கட்டியபோது எங்கள் தெருவில் மூன்றே வீடு. ஏரிக்கரை வழியாக சைக்கிளில் போய், பூந்தமல்லி - ஆவடி ரோட்டைப் பிடித்து வேலைக்குப் போவேன். வெள்ளிக்கிழமை திருவேற்காட்டுக்கு நடந்தே போய்விட்டு வருவோம். இப்போது அதே ரோட்டைக் கடக்க லாரிகளும் விடுவதில்லை, முட்டியும் விடுவதில்லை.

வலி முதலில் மாடிப்படியில் வந்தது. பிறகு தரையில் உட்கார்ந்து எழுந்திருக்கும்போது. கடைசியாக ராத்திரி படுக்கையிலும் வர ஆரம்பித்தது. ஊர்ப் பழக்கப்படி எல்லாம் செய்து பார்த்தாச்சு. பிரண்டைத் துவையல், கொல்லிமலை முடவாட்டுக்கால் கிழங்கு சூப், எண்ணெய், ஒத்தடம். எங்கள் பக்கத்து ஜனங்களுக்குக் கை கால் முறிந்தால் உடனே நினைவுக்கு வருவது ஆந்திராவிலுள்ள புத்தூர். அங்கேயும் ஒருத்தர் கூட்டிக்கொண்டு போகத் தயாராக இருந்தார். முறிந்த எலும்பு வேறு, தேய்ந்த மூட்டு வேறு என்று சொல்லி அவரைத் திருப்பி அனுப்பினேன். முதலில் பார்த்த டாக்டர் ஒருவர் எக்ஸ்ரேவை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, ஐந்தே நிமிஷத்தில், "ரெண்டு காலுக்கும் சேர்த்துப் பண்ணிடலாம் சார், பேக்கேஜ்ல வரும்" என்றார். பேக்கேஜ் என்ற வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

எழுந்து வந்ததற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. அது என் பெரியக்கா. அம்பத்தூரில் இருந்தாள். 1998-ல் அவளுக்கு இரண்டு முட்டியும் போய்விட்டது. மாற்றலாம் என்று டாக்டர் சொன்னார். நாங்கள் தம்பிகள் மூன்று பேரும் அத்தானும் கூடத்தில் உட்கார்ந்து பேசினோம். செலவு, வயசு, ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயம். வேண்டாம் என்று முடிவாச்சு. அக்கா அப்போது சமையலறையில் எங்களுக்குக் காபி போட்டுக்கொண்டிருந்தாள். அவளை யாரும் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு பதினோரு வருஷம், வரவர அந்த வீட்டு உள் அறையே அவளுக்கு உலகமாகிவிட்டது. என் பெண் கல்யாணத்துக்கு அவளை நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். அதை நினைத்து வெட்கப்பட்டு, அடுத்த விசேஷத்துக்கு வரவே இல்லை.

இனி சரித்திரத்துக்கு வருகிறேன்.

கெட்டுப்போன மூட்டை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கலாம் என்று துணிந்தவர்களில் முதல்வர், பெர்லினில் இருந்த தெமிஸ்டோகிளிஸ் குளுக் என்ற டாக்டர். 1890-ல் யானைத் தந்தத்தைக் கடைந்து முழங்கால் மூட்டு செய்து வைத்தார். அவரிடம் வந்தவர்கள் காசநோய் மூட்டைத் தின்றுவிட்டவர்கள். ஆரம்பத்தில் நன்றாகத்தான் இருந்தது. பிறகு சீழ் பிடித்து, வைத்ததை எடுக்க வேண்டியதாயிற்று. யோசனை சரி, காலம்தான் தப்பு. பாரிஸில் ஜூதே சகோதரர்கள் 1946-ல் அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக்கில் இடுப்பு மூட்டின் பந்தைச் செய்து வைத்தார்கள். அதுவும் சில வருஷங்களில் தேய்ந்து, உடைந்து, தளர்ந்தது.

இந்த இடத்தில்தான் என் கதாநாயகன் வருகிறார். ஜான் சார்ன்லி, இங்கிலாந்தின் லங்காஷயர்க்காரர். ரைட்டிங்டன் என்ற ஊரில், காசநோயாளிகளுக்காக இருந்த ஒரு பழைய ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். 1928-ல் டாக்டர் சௌரிமுத்து ஆரம்பித்த நம் தாம்பரம் சானடோரியத்தை நினைத்துக்கொள்ளுங்கள், அந்த மாதிரி ஊருக்கு வெளியே இருந்த இடம். அவரிடம் ஒரு நோயாளி வந்தார். ஜூதே மூட்டு வைத்துக்கொண்டவர். அவர் சாப்பாட்டு மேஜையில் உப்புக்கோ எதற்கோ முன்னால் சாய்ந்தால் இடுப்பு கிறீச் என்று கத்துமாம். மனைவி அந்தச் சத்தம் தாங்காமல் எழுந்து போய்விடுவாராம். கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள். சார்ன்லி யோசித்தார். சத்தம் வருகிறது என்றால் உராய்வு இருக்கிறது, உராய்வு இருந்தால் ஒரு நாள் தளரும். ஸ்டோர்ஸில் இருந்த எனக்கு இதைப் படித்ததும் அவர் சொந்தக்காரர் மாதிரி ஆகிவிட்டார். எங்கள் ஃபோர்மேனும் பேரிங் சத்தத்தைக் காதால் கேட்டே சொல்லிவிடுவார்.

உராய்வைக் குறைக்க, பந்தை எஃகில் சின்னதாகச் செய்து, அது உட்காரும் கிண்ணத்தை டெஃப்ளானில் செய்தார். ஆமாம், தோசைக்கல்லில் பூசுகிற அதே டெஃப்ளான். எலும்போடு பிடித்து வைக்கப் பல் டாக்டர்கள் உபயோகிக்கும் அக்ரிலிக் சிமெண்ட். முடமாக இருந்தவர்கள் வலியில்லாமல் நடந்தார்கள். ஊரே கொண்டாடியது. சுமார் முந்நூறு பேருக்கு வைத்தாச்சு. இரண்டு மூன்று வருஷத்தில் டெஃப்ளான் தேய்ந்து, அந்தத் தூள் சுற்றியுள்ள சதையையும் எலும்பையும் அரிக்க ஆரம்பித்தது. முந்நூறு பேரில் பெரும்பாலோருக்கும் மறுபடி கத்தி வைக்க வேண்டியிருந்தது.

நான் இந்தக் கட்டுரை எழுத உட்கார்ந்ததே அந்த முந்நூறு பேருக்காகத்தான். அவர்கள் பெயர் எந்தச் சரித்திரப் புத்தகத்திலும் இல்லை. நல்லதாகும் என்று நம்பித் தலையாட்டியவர்கள். சார்ன்லி ஓடி ஒளியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். டெஃப்ளான் உடம்பை என்ன செய்கிறது என்று பார்க்கத் தன் தொடையிலேயே அதைப் புதைத்துக்கொண்டார். மாதக்கணக்கில் ஆகியும் அங்கே கட்டியாகவே நின்றது. அதை எழுதி வெளியிட்டார்.

1962-ல் நெசவு மில்களுக்கு பிளாஸ்டிக் பல்சக்கரம் விற்கும் ஆள் ஒருவர் ரைட்டிங்டன் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். கையில் பாலிஎத்திலின் துண்டு. சார்ன்லி அதில் நகத்தால் குத்திப் பார்த்து, உதவாது என்று போய்விட்டார். ஆனால் அங்கே வேலை பார்த்த ஹாரி கிரேவன் என்ற டெக்னீஷியன், பெரியவர் வேண்டாம் என்று சொன்ன பிறகும் அதைத் தேய்ப்பு மெஷினில் மாட்டி ஓட விட்டார். டெஃப்ளான் ஒரு நாளில் தேய்ந்த அளவுகூட, இது மூன்று வாரத்தில் தேயவில்லை! அந்த வருஷம் நவம்பரிலேயே நோயாளிக்கு வைக்க ஆரம்பித்தார்கள். முதலாளி சொன்னதை அப்படியே கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கல்லூரியில் லேப் அசிஸ்டெண்டாக இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் சந்தோஷப்படுங்கள்.

சூடு கண்ட சார்ன்லி இந்தத் தடவை அவசரப்படவில்லை. தன்னிடம் வந்து கற்றுக்கொண்ட டாக்டர்களுக்குத்தான் பல வருஷம் அந்த மூட்டைக் கொடுக்கச் சம்மதித்தார். இறந்த பிறகு மூட்டைத் திருப்பித் தர வேண்டும் என்று நோயாளிகளிடம் கேட்டு வாங்கி, எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அளந்தார். சீழ் பிடிப்பதைத் தடுக்க ஆபரேஷன் மேஜையைச் சுற்றிச் சுத்தக் காற்றுக் கூண்டு கட்டினார். நூற்றுக்கு ஏழு என்றிருந்த தொற்று ஒன்றுக்கும் கீழே இறங்கியது. 1982-ல் காலமானார்.

முழங்கால் இடுப்பைப் போல எளிது அல்ல. இடுப்பு வெறும் பந்தும் கிண்ணமும். முழங்கால் மடங்கும்போதே உருளவும் வேண்டும், வழுக்கவும் வேண்டும். ரைட்டிங்டனுக்கு வந்த கனடா டாக்டர் ஃபிராங்க் கன்ஸ்டன் 1968-ல் ஒரு வடிவம் செய்தார். 1974-ல் நியூயார்க்கில் இன்சால், ரணாவத், வாக்கர் மூவரும் உருவாக்கிய மூட்டுதான் இன்றைய முட்டிகளுக்கெல்லாம் தாத்தா. இதில் ரணாவத் நம் நாட்டுக்காரர், இந்தூரில் மருத்துவம் படித்துவிட்டு அமெரிக்கா போனவர்.

அந்த சித்தரஞ்சன் ரணாவத்தான் 2000-வது வருஷம் அக்டோபரில் மும்பை பிரீச் கேண்டி ஆஸ்பத்திரிக்கு வந்து, பிரதமராக இருந்த வாஜ்பாயின் இடது முழங்காலை மாற்றினார். வலது கால் 2001 ஜூன் மாதம். அடுத்த மாதமே ஆக்ராவில் முஷாரஃப்போடு பேச்சுவார்த்தை. நம் ஊரில் முட்டி மாற்று ஆபரேஷன் என்பது டீக்கடைப் பேச்சானது அப்போதுதான் என்று நினைக்கிறேன். எழுபத்தைந்து வயதில், அதுவும் பதவியில் இருக்கும்போது ஒருவர் செய்துகொண்டார். பேப்பரை எடுத்துக்கொண்டு அக்காவிடம் ஓடினேன். "பாருக்கா, பிரதமரே பண்ணிக்கிட்டார்!" அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் படித்தாள். "அவரை யாராவது கேட்டிருப்பாங்கடா" என்று பேப்பரை மடித்துக் கொடுத்தாள். கோபமாகச் சொன்னாளா, விளையாட்டாகச் சொன்னாளா என்று இன்றுவரை தெரியவில்லை. 2009-ல் போய்விட்டாள்.

பணம் பற்றிக் கொஞ்சம். 2017 ஆகஸ்ட் 16 அன்று மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் முழங்கால் மூட்டுக்கு உச்சவரம்பு விதித்தது. சராசரியாக ஒன்றரை லட்சத்துக்கு மேல் விற்ற கோபால்ட் குரோமியம் மூட்டு, வரி நீங்கலாக 54,720 ரூபாய்க்கு வந்தது. இது மூட்டின் விலைதான். ரூம், டாக்டர், மருந்தெல்லாம் தனிக் கணக்கு. அரசு ஆஸ்பத்திரிகளிலும் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இது நடக்கிறது. அக்கா காலத்தில் நாங்கள் பேசிய செலவுக் கணக்கு இன்று அப்படியே செல்லாது.

ஆனால் விலை குறைந்ததற்காக ஒருவன் காலை வெட்டிக்கொள்ள முடியுமா? 2019-ல் லான்செட் பத்திரிகையில் வந்த கணக்குப்படி, மாற்றிய முழங்கால்களில் நூற்றுக்கு எண்பத்திரண்டு இருபத்தைந்து வருஷம் தாங்குகின்றன. எனக்கு எழுபது தாண்டியாச்சு, மூட்டு என்னைவிட அதிக நாள் இருக்கும். மறுபக்கம், மாற்றிக்கொண்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு முழுத் திருப்தி இல்லை. 2015-ல் வெளியான டென்மார்க் ஆராய்ச்சி என்னை நிறுத்தியது. நூறு பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு ஆபரேஷனும் உடற்பயிற்சியும், இன்னொரு பாதிக்கு பன்னிரண்டு வாரம் உடற்பயிற்சி, எடைக் குறைப்பு முதலியவை மட்டும். ஒரு வருஷம் கழித்து ஆபரேஷன் செய்தவர்களுக்குத்தான் அதிக நிவாரணம். ஆனால் சிக்கல்களும் அவர்களுக்கே அதிகம். மற்றவர்களில் கால்வாசிப் பேர்தான் அந்த வருஷத்துக்குள் ஆபரேஷனுக்குப் போனார்கள்.

ஆகவே நானும் அந்த இரண்டாவது பாதியில் சேர்ந்துகொண்டேன். கரையான்சாவடி பக்கம் ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண்ணிடம் மூன்று மாதம் போனேன். "தாத்தா, வலிச்சா சொல்லுங்க, சும்மா சிரிக்காதீங்க" என்பாள். ஐந்து கிலோ இறங்கியது. இடது கால் நன்றாகவே ஆகிவிட்டது. பேக்கேஜில் அதையும் சேர்த்திருந்தால் அநியாயமாகப் போயிருக்கும். வலது கால் எட்டு மாதம் கேட்டது, பிறகு கேட்கவில்லை. மறுபடி ராத்திரித் தூக்கம் போச்சு. ஏரிக்கரை நடையை விட்டேன், பிறகு பால் வாங்கப் போவதை விட்டேன். ஒரு நாள் பேரன் பிறந்தநாளுக்கு, "நீங்க போயிட்டு வாங்க, நான் வீட்டைப் பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன். சொன்னது நான்தான், ஆனால் அது அக்காவின் குரல்.

என் மனைவிதான் அன்று ராத்திரி கேட்டாள். "ஏங்க, பசங்க என்ன சொல்றாங்கன்றது இருக்கட்டும். உங்களுக்கு வேணுமா, வேணாமா?" வேணும் என்றேன். அவ்வளவுதான், முடிந்தது.

இரண்டாவதாகப் பார்த்த டாக்டர் வேறு ரகம். தரையில் உட்கார முடியாது, குத்துக்கால் கூடாது, முதல் ஆறு வாரம் வலி தாங்க வேண்டும், நூற்றில் ஒருவர் இருவருக்குச் சீழ் பிடிக்கலாம் என்று முதலிலேயே சொன்னார். நான் சார்ன்லியின் முந்நூறு பேர் கதையைச் சொன்னேன். அவருக்கும் தெரிந்திருந்தது. "வலது கால் மட்டும் போதும் சார்" என்றார்.

சந்திப்பு முடிந்த அடுத்த வாரம் தேதி கொடுத்திருக்கிறார். முன்னாலேயே வைத்துக்கொள்ளலாம் என்றார், நான்தான் தள்ளிப்போட்டேன், உங்களையெல்லாம் பழைய முட்டியோடு ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று. கூட்டம் முதல் மாடி ஹாலில் என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறது. நம் கல்லூரியில் லிஃப்ட் கிடையாது. படி இருபத்திரண்டு, நடுவில் ஒரு திருப்பம், எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அந்தத் திருப்பத்தில் யாராவது ஒரு நாற்காலி போட்டு வையுங்கள். பாதி வழியில் உட்கார்ந்துகொள்கிறேன், வருகிறவர்கள் அங்கேயே என்னிடம் பேசிவிட்டுப் போகலாம்.