வேகமும் சுணக்கமும்: கிள்ளான் பள்ளத்தாக்கின் இணைய வரலாறு தரும் ஒரு பாடம்

'வேகம்' என்னும் ஒரு சொல் இன்று இரண்டு பொருள்களைச் சுமந்து நிற்கிறது. ஒரு வாய்க்காலில் எவ்வளவு நீர் பாய்கிறது என்பதற்கும் மக்கள் அச்சொல்லையே வழங்குகின்றனர்; மடை திறந்த பின் முதல் நீர் கடைமடைக்கு எப்போது வந்து சேர்கிறது என்பதற்கும் அதனையே வழங்குகின்றனர். இவ்விரண்டும் வேறு வேறு. பின்னதற்குச் 'சுணக்கம்' என்ற நல்ல தமிழ்ச் சொல் உண்டு. இந்த வேறுபாடு மறைந்துபோனதால் எழும் குழப்பம் சொல்லாராய்ச்சியோடு முடிந்துவிடவில்லை. வீட்டுச் செலவுக் கணக்கு வரை வந்துவிட்டது.

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீடுகளிலும் கிள்ளான் வரிசை வீடுகளிலும் பிள்ளைகள் பிறரோடு சேர்ந்து இணையத்தில் விளையாடுகின்றனர். பொத்தானை அழுத்திய பின் சிறிது நேரம் கழித்தே திரையில் அச்செயல் நடக்கிறது. 'லேக்' என்று அவர்கள் முறையிடுவது இதனைத்தான். பெற்றோர் கூடுதல் பணம் கட்டி உயர்ந்த இணையத் திட்டத்திற்கு மாறுகின்றனர். கட்டணம் ஏறுகிறது, பல வீடுகளில் லேக் மட்டும் இறங்குவதில்லை. அது ஏன் என்பதற்கு விடை, செய்திப் போக்குவரத்தின் வரலாற்றில் இருக்கிறது.

இரயில் பாதை கற்பித்தது

1886இல் கோலாலம்பூரையும் கிள்ளானை அடுத்த புக்கிட் கூடாவையும் இணைக்கும் இரயில் பாதை திறக்கப்பட்டது. 1890இல் ஆற்றின்மேல் பாலம் அமைந்து பாதை கிள்ளான் நகரை எட்டியது. செங்கல் சூளைகளால் பெயர்பெற்ற பிரிக்பீல்ட்ஸ், இரயில்வே ஊழியர் குடியிருப்பாக வளர்ந்தது. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளரும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எழுத்தர்களும் அத்துறையில் பெருந்தொகையினராக உழைத்தனர்.

அப்பாதையில் ஓடிய வண்டியில் இன்னும் நான்கு பெட்டிகளை இணைத்தால் மிகுதியான மக்கள் செல்லலாம். ஆனால் யாரும் கிள்ளானுக்கு முன்னதாகப் போய்ச் சேர முடியாது. ஒற்றைத் தடத்தில் எதிர்வண்டி வரும்வரை நிலையத்தில் நிற்க நேர்ந்தாலோ, எத்தனை பெட்டிகள் இருந்தும் பயனில்லை. பெட்டிகளின் எண்ணிக்கை அகலம். பயண நேரமும் காத்திருப்பும் சுணக்கம். இணையத் திட்டங்கள் விற்பது முன்னதையே. 'அகலப்பட்டை' என்ற தமிழ்ச் சொல்லும், 'ஜாலூர் லேபார்' என்ற மலாய்ச் சொல்லும் உண்மையைத்தான் உரைக்கின்றன. விளம்பரம்தான் அகலத்தை வேகம் என்று மாற்றிப் பேசுகிறது.

தந்தியிலும் இதே நிலைதான். சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடித் தந்தி வடம் 1871இல் பயனுக்கு வந்தது. கப்பலில் நாள்கணக்கில் சென்ற செய்தி, வடத்தில் நொடியில் கடலைக் கடந்தது. ஆயினும் செய்தி உரியவர் கைக்கு வர நேரமாயிற்று. ஒவ்வொரு நிலையத்திலும் எழுத்தர் அதனை வாங்கி, முன்வந்த செய்திகள் போன பின், மீண்டும் தட்டி அனுப்ப வேண்டியிருந்தது. கம்பியில் கழிந்த காலத்தை விட மேசையில் கழிந்த காலமே மிகுதி எனலாம்.

கோலாலம்பூரின் முதல் தொலைபேசி நிலையம் 1891இல் அமைந்தது. அக்காலத்து நிலையங்கள் எல்லாவற்றையும் வருத்திய கேள்வி ஒன்றே: அழைப்போர் எவ்வளவு நேரம் காத்திருப்பர்? இதற்குக் கணித வழியில் விடை தேடியவர் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணிபுரிந்த எர்லாங் என்னும் டென்மார்க்கு அறிஞர். 1909இல் அவர் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வரிசைக் கணிதம் என்னும் துறையே கிளைத்தது. அத்துறையின் எளிய வாய்பாடு ஒன்று வியப்பூட்டுவது. வழி பாதி நிரம்பியிருந்தால், வந்தவர் சராசரியாக ஒருவருக்கு ஆகும் நேரம் காத்தால் போதும். நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு நிரம்பினால் ஒன்பது மடங்கு காக்க வேண்டும். தொண்ணூற்றொன்பது பங்கு நிரம்பினால் தொண்ணூற்றொன்பது மடங்கு! நிரம்பும் நிலையை நெருங்க நெருங்க, காத்திருப்பு படிப்படியாக ஏறுவதில்லை, பாய்ந்து ஏறுகிறது.

விளையாட்டு வலைக்குள் புகுந்தது

1993 டிசம்பரில் 'டூம்' என்னும் கணினி விளையாட்டு வெளிவந்தது. அதன் முதற் பதிப்பு வலையில் இருந்த எல்லாக் கணினிகளுக்கும் செய்தியை இறைத்தது. அலுவலக வலைகளும் கல்லூரி வலைகளும் திணறவே, பல இடங்களில் அவ்விளையாட்டுக்குத் தடை விதிக்கப்பட்டது. 1996இல் வந்த 'குவேக்' விளையாட்டை ஆக்கியவர்களுள் தலையாயவர் ஜான் கார்மாக். நல்ல இணைப்பில் சீராக ஓடிய அது, தொலைபேசிக் கம்பியில் இணைந்தோருக்கு ஆமை வேகத்தில் நகர்ந்தது. அவ்வாண்டின் இறுதியில் அவர் 'குவேக்வேர்ல்ட்' என்னும் திருத்தத்தை வெளியிட்டார். தொலைவிலுள்ள வழங்கியின் மறுமொழிக்குக் காத்திராமல், வீரனின் அடுத்த அடியை வீட்டுக் கணினியே முன்னறிந்து வரையும் உத்தி அதில் இருந்தது. இன்றைய விளையாட்டுகள் பலவும் இவ்வழியைப் பின்பற்றுவனவே. எனினும் இவ்வுத்தி சுணக்கத்தை மறைக்குமே தவிர, மாய்க்காது.

மலேசியாவில் மைமோஸ் நிறுவனத்தின் ஜாரிங் வலை 1992இல் உலக இணையத்தோடு சேர்ந்தது. டெலிகோம் மலேசியாவின் டிஎம்நெட் 1996இல் தொடங்கியது. அடுத்து வந்த ஆண்டுகளில் கோலாலம்பூர் வட்டாரத்து இளைஞர் 'கௌண்டர் ஸ்டிரைக்' போன்ற ஆட்டங்களைச் சைபர் கஃபேக்களில் கற்றனர். அங்கே எல்லாக் கணினிகளும் கம்பியால் ஒரே இணைப்புப் பெட்டியில் சேர்ந்திருந்தன. ஒரு கணினியின் செய்தி மற்றொன்றை அடைய ஒரு மில்லிவினாடி, அதாவது வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு, தேவைப்படவில்லை. விளையாட்டு வீட்டுக்கு வந்தபோதுதான் சுணக்கமும் உடன் வந்தது.

நாட்டின் பாதைகள் மாறின

2001இல் ஸ்திரீமிக்ஸ் சேவை, பழைய செப்புத் தொலைபேசிக் கம்பியிலேயே எந்நேரமும் இணையத்தைக் கொணர்ந்தது. அம்முறையில் இறக்கும் வழி அகன்றது. ஏற்றும் வழி மிகக் குறுகியது. நாட்டுக்குள் இருந்த நிறுவனங்களின் வலைகள் ஒன்றையொன்று சந்திக்க, மலேசிய இணையச் சந்திப்பகமான 'மைஐஎக்ஸ்' 2006 டிசம்பர் 15இல் தொடங்கப்பட்டது. இத்தகைய சந்திப்பகம் இல்லாவிடில், பக்கத்துத் தெருவுக்குச் செல்லும் செய்தியும் வெளிநாடு சுற்றி வர நேரும். தொடங்கிய பதினோராம் நாளே, டிசம்பர் 26இல், தைவான் அருகே நிலநடுக்கம் நிகழ்ந்து கடலடி வடங்கள் பல அறுந்தன. மலேசியா உள்ளிட்ட ஆசிய நாடுகளின் இணையம் தளர்ந்தது. பாதையின் நீளமும் நெரிசலும் சுணக்கமாகும் என்பதை மக்கள் அப்போது கண்கூடாகக் கண்டனர்.

2008 செப்டம்பரில் 'அதிவேக அகலப்பட்டை'த் திட்டத்திற்கு அரசும் டெலிகோம் மலேசியாவும் ஒப்பந்தம் செய்தன. வேகமும் அகலமும் ஒரே பெயரில் கலந்தது இங்கே நோக்கத்தக்கது. 2010 மார்ச்சில் 'யூனிஃபை' என்னும் கண்ணாடி இழைச் சேவை பங்சார், தாமான் துன் டாக்டர் இஸ்மாயில், சுபாங் ஜெயா, ஷா ஆலாம் ஆகிய இடங்களில் தொடங்கியது. அன்று வீட்டுத் திட்டங்கள் வினாடிக்கு 5, 10, 20 மெகாபிட் அளவின. அதன் பிறகு நூறுகளாகப் பெருகிவிட்டன. ஆனால் விளையாட்டுக்கு ஒரு மெகாபிட்டில் ஒரு சிறு பங்கே போதும். ஆகவே அகலம் குறைந்ததால்தான் லேக் வருகிறது என்பது இன்றைய வீடுகள் பலவற்றுக்குப் பொருந்தாது.

தொலைவின் கணக்கும் எளிதே. கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீட்டர் செல்லும். சிங்கப்பூருக்குச் செய்தி சென்று திரும்ப ஏறத்தாழ 3 மில்லிவினாடி, சென்னைக்கு 26, லாஸ் ஏஞ்சல்ஸுக்கு 140. உண்மையில் பாதை வளைந்தும் இடையில் நின்றும் செல்வதால் இவை மேலும் கூடும், குறையவே மாட்டா. எத்தனை வெள்ளி கட்டினாலும் ஒளியை விரைவுபடுத்த இயலாது. ஆட்டத்தின் வழங்கியாகச் சிங்கப்பூரைத் தேர்ந்தெடுப்பதற்குச் செலவில்லை.

வீட்டு வாயிலில் நிற்கும் வரிசை

1986 அக்டோபரில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஒரு நிகழ்ச்சி. இலாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்திற்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்திற்கும் இடையே தொலைவு 400 கஜம். அவ்விணைப்பு வினாடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டாக வீழ்ந்தது. கம்பி அறுபடவில்லை, கருவி பழுதாகவில்லை. கணினிகள் பொறுமையின்றி ஒரே பொட்டலத்தைத் திரும்பத் திரும்ப அனுப்பி வழியை அடைத்துக்கொண்டன. வான் ஜேக்கப்சன் இதனை ஆராய்ந்து, வழியில் பொட்டலம் தொலைந்தால் நெரிசல் என்று உணர்ந்து அனுப்புவோர் அடங்கும் முறையை 1988இல் விளக்கினார்.

பின்னாளில் நினைவகச் சில்லுகள் மலிவாயின. கருவி செய்வோர் பொட்டலம் ஒன்றும் தொலையக்கூடாது என்று பெரிய தேக்கங்களை ரௌட்டருக்குள் வைத்தனர். நல்லெண்ணமே தீங்காயிற்று. பொட்டலம் தொலையாததால், நெரிசலை அறியாமல் கணினிகள் மேலும் மேலும் அனுப்பின, வரிசை நீண்டது. ஜிம் கெட்டிஸ் என்னும் பொறியாளர் 2010இல் தம் வீட்டில் பெரிய கோப்பை அனுப்பியபோது, சுணக்கம் ஒரு வினாடியையும் தாண்டியதைக் கண்டார். இக்குறைக்கு 'பஃபர்புளோட்', அதாவது தேக்க வீக்கம், என்ற பெயர் நிலைத்தது.

ஒரு கணக்கு இதனை விளக்கும். ஏற்றும் வழி வினாடிக்கு 10 மெகாபிட். ரௌட்டரின் தேக்கம் ஒரு மெகாபைட், அதாவது 8 மெகாபிட். அக்கா பள்ளிப் பாடத்திற்கான காணொளியை ஏற்றுகிறாள், தேக்கம் நிரம்புகிறது. தம்பியின் விளையாட்டுப் பொட்டலம் சிறியதே ஆயினும் அது வரிசையின் கடைசியில் நின்று 0.8 வினாடி காக்க வேண்டும். சிங்கப்பூர் சென்று திரும்பும் நேரத்தைப் போல இது இருநூறு மடங்குக்கும் மேல். கடலைக் கடப்பதை விட வீட்டு வாயிலைக் கடப்பதே அரிதாகிவிடுகிறது!

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கிய பின், வீட்டிலிருந்து பாடம் நடத்திய ஆசிரியர்களின் குரல் துண்டு துண்டாகக் கேட்டதற்கும் இத்தகைய வரிசை ஒரு காரணம். விளையாட்டுக்கு வரும் நோயும் வகுப்புக்கு வரும் நோயும் ஒன்றே.

மருந்தும் உண்டு. கேத்லீன் நிக்கல்ஸும் ஜேக்கப்சனும் 2012இல் 'கோடெல்' முறையை வெளியிட்டனர். வரிசையின் நீளத்தைப் பாராமல் பொட்டலம் காத்த நேரத்தைப் பார்த்து, அது வரம்பு மீறினால் சிலவற்றைக் கைவிட்டு எச்சரிப்பது அம்முறை. ஒவ்வொரு போக்குக்கும் தனி வரிசை தரும் ஏற்பாடும் இதனுடன் சேர்ந்தது. இவ்வசதியுள்ள ரௌட்டரில், வழியின் அளவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கையே வரம்பாக அமைத்தால், வரிசை வீட்டுக்குள்ளேயே ஒழுங்குபெறும். சிறிது அகலத்தை விட்டுக்கொடுத்துச் சுணக்கத்தை வெல்வது இதன் நுட்பம். எர்லாங் வழிவந்த கணிதமும் இதையே கூறும்.

காற்றில் நேரும் மோதல்

இன்னொரு காரணம் வைஃபை. 1971இல் ஹவாய்த் தீவுகளில் நார்மன் ஏப்ரம்சன் குழுவினர் 'அலோஹா' என்னும் வானொலி வலையை இயக்கினர். பலர் ஒரே அலையில் பேசினால் செய்திகள் மோதி அழியும் என்பதும், நினைத்தபோது பேசும் முறையில் வழியின் 18 விழுக்காடே பயன்படும் என்பதும் அதனால் தெளிவாயின. 1997இல் தரப்படுத்தப்பட்ட வைஃபை, பேசுமுன் செவிமடுக்கும் நாகரிகத்தைக் கற்றது. ஆயினும் காற்று எல்லாருக்கும் பொதுவே. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் ஒன்றோடொன்று உராயாத தடங்கள் மூன்றே. அடுக்குமாடியில் பத்து வீட்டு ரௌட்டர்கள் அம்மூன்றில் போட்டியிட்டால், ஒவ்வொன்றும் முறைக்காகக் காத்திருக்கும். சுவர்களும் அலையைத் தளர்த்தும். இதற்குத் திட்டத்தை மாற்றுவது மருந்தன்று. பத்து மீட்டர் கம்பியே மருந்து. அது இயலாவிடில் 5 கிகாஹெர்ட்ஸ் அலையும், ரௌட்டரை அலமாரிக்குள் ஒளிக்காமல் திறந்த இடத்தில் வைப்பதும் துணைசெய்யும்.

நோய் நாடும் முறை

1983 டிசம்பரில் மைக் மூஸ் என்னும் அமெரிக்கப் படை ஆய்வகப் பொறியாளர் 'பிங்' என்னும் சிறு நிரலை எழுதினார். நீர்மூழ்கிகளைக் கண்டறியும் எதிரொலியின் ஓசையே அதன் பெயர். செய்தி சென்று திரும்பும் நேரத்தை அது அளக்கும். அதனை மூன்று படியாகப் பயன்படுத்துவது முறை.

முதற்படி, வீட்டு ரௌட்டரையே அளப்பது. கம்பியில் ஒரு மில்லிவினாடிக்குள், நல்ல வைஃபையில் சில மில்லிவினாடிக்குள் விடை வர வேண்டும். இங்கேயே எண் ஏறியிறங்கினால் குற்றம் காற்றில். இரண்டாம் படி, வீட்டில் வேறு எவரும் இணையத்தைப் பயன்படுத்தாதபோது வெளியே அளப்பது. எண் சீராக இருந்தும் பெரிதானால், தொலைவோ சுற்றுப்பாதையோ காரணம். மூன்றாம் படி, பெரிய கோப்பை ஏற்றிக்கொண்டே மீண்டும் அளப்பது. 10 என்பது 300, 400 என்று பாய்ந்தால் குற்றம் வரிசையில். இம்மூன்றும் நன்றாயிருந்து, இரவில் மட்டும் இரண்டாம் படி கெட்டால், அப்போது நிறுவனத்திடம் முறையிடலாம். அளந்த எண்கள் கையில் இருத்தல் நலம்.

நூற்றைம்பது ஆண்டு வரலாறு ஒன்றையே திரும்பத் திரும்ப உரைக்கிறது: செய்தி ஓடுகையில் இழக்கும் காலத்தை விட, நிற்கையில் இழக்கும் காலமே பெரிது. தமிழாசிரியர்கள் வகுப்பில் 'அகலம்', 'சுணக்கம்' என்னும் இரு சொற்களையும் பிரித்து வழங்கத் தொடங்கினால், 'இணையம் மெதுவாக இருக்கிறது' என்று சொல்லும் மாணவன் 'எது மெதுவு?' என்று தானே கேட்டுக்கொள்வான். அக்கேள்வி பிறந்தால், அவன் தந்தை அடுத்த திட்டத்திற்குக் கையெழுத்திடுமுன் பத்து மீட்டர் கம்பியை வாங்கிப் பார்ப்பார்.