என்ஜின் மவுண்ட் (ஸ்போர்ட்ஸ் கார்)

என்ஜினைக் காரின் உடற்சட்டத்தோடு பிணைக்கும் தாங்கி. எடையைச் சுமப்பது, முறுக்குவிசையில் என்ஜின் புரளாமல் பிடிப்பது, அதிர்வை உள்ளே விடாமல் தடுப்பது ஆகியவை இதன் வேலை. பிடிப்புக்கு விறைப்பு வேண்டும்; அதிர்வைத் தடுக்க நெகிழ்வு வேண்டும். சிக்கலே இதுதான்.

நான்கு சிலிண்டர் இன்லைன் என்ஜின் நிமிடத்துக்கு 900 சுற்றில் ஐடிலில் ஓடும்போது அதன் முதன்மை அதிர்வு 30 ஹெர்ட்ஸ். மவுண்ட் மீதமர்ந்த என்ஜினின் இயல்பு அதிர்வெண் சுமார் 21 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருந்தால்தான் அந்த அதிர்வு குறையும். விறைப்பான மவுண்ட் போட்டால் இயல்பு அதிர்வெண் ஏறும். சிக்னலில் நிற்கையில் ஸ்டீயரிங்கும் கண்ணாடியும் நடுங்குவது அதனால்தான்.

தொழிற்சாலை மவுண்ட்கள் ரப்பராலானவை, அல்லது உள்ளே திரவம் நிரப்பியவை. வெளிச்சந்தையில் கிடைப்பவை பெரும்பாலும் பாலியூரித்தேன். கடினம் ஷோர் ஏ அளவில் குறிக்கப்படும். எண் கூடினால் இரைச்சலும் கூடும். முழு உலோக மவுண்ட் பந்தயத்துக்கு மட்டுமே ஏற்றது. அன்றாடச் சாலையில் அது வீண் தண்டனை. குறுக்கே பொருத்திய என்ஜினில் முறுக்கைத் தாங்கும் ஒற்றை மவுண்டை மட்டும் முதலில் மாற்றிப் பார்ப்பது புத்திசாலித்தனம். பழைய ரப்பர் வெடித்திருந்தால், புதிய அசல் மவுண்டே போதுமானதாக இருக்கலாம்.

போர்ஷே 911-இல் என்ஜின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குவதால், வளைவில் அது ஆடுவது கையாளுதலையே கெடுக்கும். அதற்காக ஜிடி3 வகையில் காந்தப்புலத்தால் கெட்டிப்படும் திரவம் கொண்ட மவுண்ட்களை போர்ஷே அளித்தது. இவை ஓட்டத்துக்கேற்ப விறைப்பை மாற்றிக்கொள்ளும்.